கெயின் பூஜ்ஜியத்தில் இருந்தும் சிவப்பு விளக்கு: வில்லுப்பாட்டுப் பதிவுக்கு உதவி தேவை

விளவங்கோட்டான்:
களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என் தாய்மாமா வில்லுப்பாட்டுப் புலவர். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்தும் கோயில் கொடைக்கு அழைக்கிறார்கள். மாதிரிக்கு ஒரு பாட்டு அனுப்பச் சொல்கிறார்கள். அதற்காக இரண்டு உள்ளீடு உள்ள மலிவு விலை ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) ஒன்று வாங்கினேன்.

குழுவிடம் சிறிய மிக்சர் இருக்கிறது. பாட்டு, உடுக்கை, குடம், வில் என நான்கு மைக். மிக்சரின் வெளியீட்டிலிருந்து இரண்டு வயர்களை எடுத்து இன்டர்ஃபேஸில் செருகினேன். உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் திருகை முழுவதும் இடப்பக்கம் திருப்பிவிட்டேன். அப்படியும் குடத்தில் ஓர் அடி விழுந்தால் இரண்டு உள்ளீட்டிலும் சிவப்பு வளையம் எரிகிறது. கேட்டுப் பார்த்தால் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி இருக்கிறது. மென்பொருளில் ஃபேடரை, அதாவது ஒலி அளவை, இறக்கினேன். சத்தம் குறைகிறது, கிழிசல் அப்படியே நிற்கிறது. வாங்கிய கடையில் கேட்டால், பெட்டி பழுது, விலை கூடியதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மாமா வெள்ளிக்கிழமை வரைதான் வீட்டில் இருப்பார். பிறகு கொடைக்காலம், ஆளைப் பிடிக்க முடியாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மென்பொருளில் பஃபர் (கணினி ஒலியைச் சற்று நேரம் சேர்த்துவைக்கும் இடம்) அளவை 512க்கு ஏற்றிப் பாருங்கள். எனக்கும் இப்படித்தான் படபடவென்று கேட்டது, உடனே சரியாகிவிட்டது.

விளவங்கோட்டான்:
1024 வரை ஏற்றிவிட்டேன். மாற்றம் இல்லை.

மைக்செட் அண்ணாச்சி (நாகர்கோவில்):
பஃபர் போதாமல் வரும் வெடிப்பு எங்கு வேண்டுமானாலும் விழும், பாட்டு நின்ற இடத்தில்கூட. குடத்தின் அடியைப் பார்த்து வராது. சிவப்பு விளக்கையும் எரிய வைக்காது. இது வேறு.

தம்பி, இரண்டு கேள்வி. இன்டர்ஃபேஸில் செருகிய வயரின் முனை மூன்று முள் உள்ளதா, கால் அங்குல ஜாக்கா? பெட்டியில் 48 வோல்ட் விளக்கு எரிகிறதா? இதற்குப் பதில் வரும்வரை கடைக்காரருக்குக் காசு கொடுக்காதே.

விளவங்கோட்டான்:
மூன்று முள், அண்ணாச்சி. 48 வோல்ட் எரிகிறது. குடத்துக்கு வைத்திருப்பது வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும் கண்டென்சர் மைக் என்பதால் போட்டேன்.

மைக்செட் அண்ணாச்சி (நாகர்கோவில்):
முதலில் அந்த 48ஐ அணை. கண்டென்சர் மிக்சரில் செருகியிருக்கிறது. மின்சாரத்தை மிக்சர் கொடுத்தால் போதும். இன்டர்ஃபேஸிலிருந்து போகும் 48 மிக்சரின் வெளியீட்டுக்குள் பின்வாசல் வழியாக நுழைகிறது. எத்தனையோ மிக்சர் இதைத் தாங்கும், தாங்காததும் உண்டு.

இனி நோய். உன் பெட்டியில் மூன்று முள் போகும் வழி மைக்குக்கு உரியது. மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கு. மிக்சர் தருவது லைன் அளவு, அதைவிடப் பல மடங்கு பெரியது. அதன் வழக்கமான அளவான +4 டிபியு என்றால் ஏறத்தாழ 1.23 வோல்ட், குடத்தின் அடி விழும்போது அதற்கும் மேலே பல மடங்கு. கெயினைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கினாலும் மைக் வழியில் அந்தப் பெருக்கியைத் தாண்டாமல் போக முடியாது. ஒழுங்கையில் லாரியை விட்டுவிட்டு மெதுவாக ஓட்டுகிறேன் என்பது போலத்தான் இது. எண்ணாக மாறும்போதே அலையின் தலை போய்விட்டது, அதற்குப் பிறகு ஃபேடரை இறக்கி என்ன பயன்?

ஒரு முனையில் மூன்று துளை, மறு முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள கால் அங்குல ஜாக், அப்படி இரண்டு வயர் வாங்கு. அதே சாக்கெட்டின் நடுத்துளையில் செருகு. அது லைன் வழி. இன்ஸ்ட் என்று எழுதிய பொத்தான் அழுந்தியிருந்தால் எடுத்துவிடு, அது கிட்டாருக்கு.

விளவங்கோட்டான்:
மார்த்தாண்டத்தில் வயர் கிடைத்தது. முதல் உள்ளீட்டில் இன்ஸ்ட் அழுந்தித்தான் இருந்தது! இப்போது சிவப்பே இல்லை. மீட்டரில் 0தான் உச்சவரம்பு, மிக உரத்த இடத்திலும் -8ஐத் தாண்டவில்லை. ஆனால் அண்ணாச்சி, குடத்தில் மட்டும் கிழிசல் இன்னும் இருக்கிறது. சிவப்பு எரியாமலேயே!

மைக்செட் அண்ணாச்சி (நாகர்கோவில்):
மற்ற மூன்று மைக்கையும் மூடிவிட்டுக் குடத்தை மட்டும் பத்து அடி பதிவு செய். அலையைப் பெரிதாக்கிப் பார். தலை 0க்குக் கீழேயே தட்டையாக இருந்தால், வெட்டு இன்டர்ஃபேஸுக்கு வருமுன்பே நடந்துவிட்டது. பிறகு மிக்சரில் அந்தச் சேனலின் கெயினைக் குறைத்து இன்னும் பத்து அடி. தலை கூர்மையானால் குற்றம் மிக்சரில். தட்டை அப்படியே கீழே இறங்கினால் மைக்கில். மேல்மடையில் கலங்கிய தண்ணீர் கீழ்மடையில் தெளியாது.

விளவங்கோட்டான்:
தட்டை அப்படியே இறங்குகிறது. மொட்டைமாடி போல இருக்கிறது. மைக் குடத்தின் வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பஃபர் சொல்லி ஏமாந்தேன், இதிலாவது ஈடுகட்டுகிறேன். எங்கள் ஊரில் செண்டை மேளம் பதிவு செய்து பழகியவன் நான். மலிவு கண்டென்சரை அடிக்கு நேரே நெருக்கமாக வைத்தால் உள்ளே இருக்கும் மின்சுற்றே திணறும். மைக்கில் அளவைக் குறைக்கும் -10 பொத்தான் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பின்னால் தள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், அறைக்குள் சற்றுக் குறைவாக. எல்லாவற்றையும்விடச் சுலபம், குடத்துக்கு மின்சாரம் வேண்டாத டைனமிக் மைக் வைப்பது. அது எளிதில் அசராது.

விளவங்கோட்டான்:
பொத்தான் இல்லை. மாமா பாடும் டைனமிக்கைக் குடத்துக்குக் கொடுத்து, கண்டென்சரைப் பாட்டுக்கு மாற்றினேன். குடத்தின் அலை இப்போது தென்னங்கீற்று நுனிபோல் கூராக இருக்கிறது. முதலில் எடுத்த பதிவை மென்பொருளால் மீட்க முடியுமா? அதில் மாமாவின் குரல் நன்றாக அமைந்திருந்தது.

மைக்செட் அண்ணாச்சி (நாகர்கோவில்):
வெட்டுப்பட்ட இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று மென்பொருள் ஊகித்து நிரப்பும். ஓரிரண்டு அடி என்றால் காது ஏமாறும். அடிக்கு அடி வெட்டு என்றால் வேலைக்காகாது. திரும்பப் பாடச் சொல். 24 பிட்டில் வை, உச்சம் -12 பக்கம் நின்றால் தாராளம். மீட்டரை 0 வரை தள்ளுவது 16 பிட் காலத்துப் பழக்கம்.

விளவங்கோட்டான்:
நேற்று இரவு எடுத்துவிட்டோம். உச்சம் -11. மாமா ஹெட்போனைக் கழற்றாமலே, ஜால்ரா ஏன் என் வாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார்.

மைக்செட் அண்ணாச்சி (நாகர்கோவில்):
கண்டென்சர் அப்படித்தான், பக்கத்தில் இருப்பதையெல்லாம் அள்ளும். ஜால்ராக்காரரை இரண்டு முழம் தள்ளி, மைக்கின் முதுகுப்பக்கம் உட்காரச் சொல்.