காரைக்குடியில் எம்எஸ்சி வேதியியல் படிக்கலாமா?

தேவகோட்டை மாணவி:
பிஎஸ்சி வேதியியல் தமிழ்வழியில் முடித்திருக்கிறேன். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்எஸ்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியிலும் இடம் இருக்கிறது, ஆனால் விடுதிச் செலவு அப்பாவால் முடியாது. "பட்டணத்தில் படித்தால்தான் வேலை" என்று சித்தப்பா சொல்கிறார். ஆங்கிலமும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பழைய மாணவி:
காரைக்குடிக்கே போ தங்கச்சி. நான் அங்கேதான் படித்தேன், நானும் தமிழ்வழிதான். முதல் செமஸ்டரில் நோட்டின் இடப்பக்கம் வகுப்பில் சொன்னதை எழுதுவேன், வலப்பக்கம் அதையே ராத்திரி தமிழில் எழுதிப் பார்ப்பேன். தீபாவளிக்குப் பிறகு வலப்பக்கம் தேவைப்படவில்லை.

எனக்குத் தெம்பு வந்தது லேபில்தான். இரண்டு கரிமப் பொருள்கள் கலந்த பொடியைப் பிரிக்கக் கொடுத்தார்கள். ஈதரில் கரைத்து, பிரிபுனலில் ஊற்றி, சோடியம் பைகார்பனேட் கரைசல் சேர்த்துக் குலுக்கினேன். இடையிடையே வாயுவைத் திறந்துவிட மறந்ததால் மூடி தெறித்து, பாதி மேசையில் கொட்டிவிட்டது. அழுகையே வந்தது. மறுபடி முதலிலிருந்து செய்தேன். கீழே நின்ற நீர் அடுக்கை இறக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டதும் வெள்ளை வெள்ளையாகத் திரண்டது. உலர்த்தி உருகுநிலை பார்த்தால் 122 டிகிரி, பென்சாயிக் அமிலம்! அந்தக் கை உனக்கும் வரவேண்டும். அதற்குச் சென்னை தேவையில்லை.

அப்புறம், அங்கேயே சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953-இல் திறந்தார்கள். பேட்டரி, உலோக அரிமானம் எல்லாம் அங்கே ஆராய்கிறார்கள். புராஜெக்ட்டுக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று மூன்றாம் செமஸ்டரிலேயே ஆசிரியரிடம் கேட்டு வை.

நெட் எழுதியவன்:
அக்கா சொன்னது சரி. கூடவே நெட் தேர்வுக்கு, அதாவது கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உரிய தேசியத் தகுதித் தேர்வுக்கு, முதல் வருடமே உட்காருங்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், அதனால் அந்தப் பயத்தை இப்போதே விடவேண்டும். மொத்தம் 200 மதிப்பெண், அதில் சி பகுதிக்கு மட்டும் 100. அறுபது கேள்வியில் 25 எழுதினால் போதும், தப்பானால் மதிப்பெண் குறையும். ஜேஆர்எஃப் என்ற அந்த உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், பிஎச்டி முடிக்க வீட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

பள்ளி ஆசிரியை:
மேல்நிலைப் பள்ளி வேலைதான் குறி என்றால் எம்எஸ்சியோடு பிஎட்டும் வேண்டும். அதையும் கணக்கில் வையுங்கள்.

தேவகோட்டை மாணவி:
நன்றி அக்கா. அப்பாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். திங்கட்கிழமை டிசி வாங்கப் போகிறோம். அந்த இரண்டு பக்க நோட்டை நானும் வாங்கிவிட்டேன்.