மறு: ‘மால்ஃபீசன்ஸ்’ தமிழில் என்ன? முறைகேடு போதாது

சட்டச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவினர்க்கு வணக்கம். மால்ஃபீசன்ஸ் (malfeasance) என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> முறைகேடு என்ற சொல் பத்திரிகைகளில் ஊறிப்போய்விட்டது. மால்ஃபீசன்ஸுக்கும் அதையே வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

போகலாம்தான். ஆனால் அதை இங்கேயே செலவழித்துவிட்டால் மிஸ்ஃபீசன்ஸுக்கு எதை வைப்பது? ஆங்கிலச் சட்டத்தில் இவை மூன்றாக வரும். செய்யவே கூடாததைச் செய்தால் மால்ஃபீசன்ஸ். செய்ய உரிமையுள்ள காரியத்தைக் கோணலாகச் செய்தால் மிஸ்ஃபீசன்ஸ். செய்தே தீர வேண்டியதைச் செய்யாமல் விட்டால் நான்ஃபீசன்ஸ். மூன்றுக்கும் வால் ஒன்றுதான். ‘செய்தல்’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது.

ஏற்காட்டை வைத்துச் சொன்னால் எளிதாக இருக்கும். சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்பது சில்வர் ஓக். மிளகுக் கொடியும் அதன் மேல்தான் ஏறும். சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் நினைத்த நாளில் கோடாலி வைக்க முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். இதில் ஓர் அதிகாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தோட்டத்தை ஒட்டிய காப்புக்காட்டு மரத்தையும் சேர்த்து வெட்டிக்கொள்ளச் சொல்லி, காசு வாங்கிக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்தால் அது மால்ஃபீசன்ஸ். அந்த மரத்தைத் தாரைவார்க்க அவருக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. தோட்டத்துப் பக்கமே போகாமல், ஆபீஸில் உட்கார்ந்தபடி, 40 மரம் இருக்கும் இடத்துக்கு 60 என்று அறிக்கை எழுதினால் மிஸ்ஃபீசன்ஸ். அறிக்கை எழுதுவது அவர் வேலைதான், எழுதின விதம்தான் கெட்டது. ராத்திரியில் லாரி கிளம்புகிறது என்று தகவல் வந்தும் போனை வைத்துவிட்டுத் தூங்கினால் நான்ஃபீசன்ஸ். அவர் எழுந்து சட்டை போடுவதற்குள் லாரி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்து அஸ்தம்பட்டியைத் தாண்டியிருக்கும்.

மூன்றையும் முறைகேடு என்றே எழுதினால் மூன்று ஆளும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். முதல் ஆளுக்கு இதைவிட வசதி வேறு இல்லை.

முறைகேட்டை மிஸ்ஃபீசன்ஸுக்கு விட்டுவிடலாம் என்பது என் கட்சி. முறை இருக்கிறது, அது கெட்டது. சொல்லே விளக்கம் சொல்லிவிடுகிறது. 1996-ல் பெட்ரோல் பங்க் ஒதுக்கீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்தாண்டதும் மிஸ்ஃபீசன்ஸ்தான். ஒதுக்குகிற அதிகாரம் அமைச்சருக்கு இருந்தது, ஒதுக்கிய விதம்தான் கேள்விக்குள்ளானது. ‘ஒதுக்கீட்டில் முறைகேடு’ என்று தமிழில் யாரும் யோசிக்காமலே எழுதிவிடுவார்கள். கம்பெனிச் சட்டத்திலும், கலைக்கப்படும் கம்பெனியின் இயக்குநர்களிடம் இழப்பீடு கேட்கும் பிரிவில் (2013 சட்டம், பிரிவு 340) வருவது இதே சொல். மால்ஃபீசன்ஸ் நம் ஊரில் அவ்வளவாகச் சட்டத்துக்குள் வராதது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் ஒரு குற்றத்தின் பெயரே அது. இங்கே பெரும்பாலும் எடுப்பாக எழுத விரும்புகிறவர்களின் சொல்லாக இருக்கிறது.

சரி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> தீச்செயல்?

தாளில் நன்றாக இருக்கிறது. காதில் விழும்போது யாரோ வைக்கோல் போருக்கு நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது. தீவினை என்று மாற்றினாலோ போன ஜென்மம் வந்துவிடும்.

> அதிகார துஷ்பிரயோகம்?

வடமொழி என்பதல்ல என் குறை. துஷ்பிரயோகம் செய்ய முதலில் அதிகாரம் கையில் இருக்க வேண்டும். சில்வர் ஓக் கதையின் முதல் ஆளிடம் காப்புக்காட்டு மரத்தைக் கொடுக்கும் அதிகாரமே இல்லையே.

> தகாச்செயல்?

பொருளில் இதுதான் மிக அருகில். 466-ஆம் குறளில் வள்ளுவர் செய்யத் தகாததைச் செய்வதையும் செய்யத் தக்கதைச் செய்யாமல் விடுவதையும் தனித்தனியே நிறுத்தி, இரண்டும் கேடு என்கிறார். மால்ஃபீசன்ஸும் நான்ஃபீசன்ஸும் அங்கேயே இருக்கின்றன. ஆனால் நாளிதழ்கள் ‘தகாத’ என்ற சொல்லை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டன. தகாத உறவு, தகாத வார்த்தை. ‘சங்கச் செயலாளர் தகாச்செயல்’ என்று தலைப்புப் போட்டுப் பாருங்கள், டீக்கடை பெஞ்சில் முதல் கேள்வி “யார் கூட?” என்பதாகத்தான் இருக்கும்.

அதனால் நான் சொல்ல வந்தது: அடாச்செயல். அடாது என்றாலும் தகாது, பொருந்தாது என்றே பொருள். ‘அடாது செய்தவன் படாது படுவான்’ என்று பாட்டிகள் சாபம் விடும்போது அந்தச் சொல்லில் இருக்கிற காரம் முறைகேட்டில் இல்லை. ‘அடாது மழை பெய்தாலும் விடாது நாடகம் நடக்கும்’ என்ற நோட்டீஸைக் காட்டி, அங்கே பொருள் வேறாயிற்றே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அது மழையோடு ஒட்டிக்கொண்ட வழக்கு. செயலோடு வரும்போது யாருக்கும் குழப்பம் வராது.

நான்ஃபீசன்ஸுக்குக் கடமை தவறல். ஏற்கெனவே வழங்குவதுதான், புதிதாக எதுவும் வேண்டாம்.

புதுச் சொல் எதற்கு என்று அலுத்துக்கொண்டவர்களுக்கு ஒன்று. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தபோது, 1916-ல், தமிழில் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். ஒரு வக்கீல் தாவரவியலுக்கும் வேதியியலுக்கும் சொல் தேடிய ஊரிலிருந்து சட்டத்துக்கு ஒரு சொல் கேட்பது அதிகமில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. அடாச்செயல் சட்ட நூலுக்கும் தீர்ப்பின் தமிழாக்கத்துக்கும் இருக்கட்டும்; மனுவுக்கும் அன்றாட எழுத்துக்கும் வேண்டாம். நான் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுக்கிறவன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் வாழப்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் நகையை அடகு வைத்தவர், மகன் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்த மனுவைக் கொண்டுவந்தார். முழுக்கத் தமிழ், நடுவில் மட்டும் ‘செயலாளர் கிராஸ் மால்ஃபீசன்ஸ் செய்துள்ளார்’. என்னம்மா நடந்தது என்று கேட்டேன். “வட்டி கட்டினேனுங்க, சீட்டு குடுக்கல. இப்ப நகையை மீட்டப் போனா சீட்டு எங்கேங்கறாங்க” என்றார். அதை முதல் வரியாக எழுதி, கட்டிய மாதத்தையும் தொகையையும் கீழே போட்டேன். 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 87-ஆவது பிரிவில் தண்டத்தீர்வை (சங்கத்துக்கு வந்த இழப்பைப் பொறுப்பானவரிடமே வசூலிப்பது) விதிக்க வேண்டுமானால் யார், எவ்வளவு என்று நிற்க வேண்டும். மால்ஃபீசன்ஸ் என்று எழுதினாலும் அடாச்செயல் என்று எழுதினாலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். கையாடல், மோசடி, பொய்க்கணக்கு, லஞ்சம் என்று நடந்ததைச் சொல்லச் சொற்களுக்கா பஞ்சம்?

மிச்சம் இருப்பது எழுத்துக்கூட்டல். அடாச்செயல் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் (‘அடாத’ என்பதில் கடைசி எழுத்து விழுந்தது), ஓடாக்குதிரை போல, அதனால் ச் மிகும். அதில் சிக்கலில்லை. பதவியில் இருந்துகொண்டு செய்தது என்று காட்ட முன்னால் ‘பதவி’ என்ற சொல் சேரும்போதுதான் கேள்வி: பதவி அடாச்செயல் என்று இடம் விடுவதா, பதவியடாச்செயல் என்று சேர்ப்பதா? சேர்த்தால் ஒருவரும் ஒரு மூச்சில் படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இலக்கணம் படித்தவர்கள் சொல்லுங்கள், அப்புறம் பட்டியலில் ஏற்றலாம்.