பொருள்: மறு: கழிவுத்துறையின் வெளியீட்டைக் குறிக்க ஒரு கலைச்சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நகரத்தின் கழிவு முகாமைத்துவத்துறை ஓராண்டில் ஆக்கித் தரும் பொருள்களினதும் சேவைகளினதும் மொத்தப் பெறுமதியைக் குறிக்க, ‘கழிவு உற்பத்தி’, ‘கழிவு வெளியீடு’ என்னும் இரண்டும் இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க இயலாது என்பது என் கருத்து. பொருளியலில் உற்பத்தியும் வெளியீடும் நன்கு வேரூன்றிய சொற்களே. ஆனால், ‘கழிவு’ என்பதன் பின்னால் வந்தவுடன் அவை வேறு பொருள் தருகின்றன. ‘யாழ்ப்பாணத்தின் கழிவு உற்பத்தி அதிகரித்துள்ளது’ என்று நாளிதழ் எழுதினால் குப்பை பெருகிவிட்டது என்றே வாசகர் விளங்கிக்கொள்வார். ‘கழிவு வெளியீடு’ என்றால் வாய்க்காலில் கழிவுநீர் விடப்படுவதே நினைவுக்கு வரும். தொன் கணக்கில் அளப்பதையும் ரூபாய்க் கணக்கில் அளப்பதையும் ஒரே சொல்லால் குறித்தால், குப்பையைக் குறைத்து, அதிலிருந்து பொருள் மீட்பதைக் கூட்டிய ஒரு மாநகர சபையின் சாதனை அதன் குறையாக வாசிக்கப்படும்.

சொல் எதையெல்லாம் உள்ளடக்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் சர்வதேச நியமக் கைத்தொழில் வகைப்படுத்தலின் நான்காவது திருத்தம், இத்துறையை 38ஆம் பிரிவில் வைத்து, சேகரித்தல், பரிகரித்து அகற்றுதல், பொருள் மீட்டல் என மூன்றாக வகுக்கிறது. ஆகவே ‘கழிவகற்றல்’ போதாது. ‘துப்புரவு’ என்பதும் பொருந்தாது. தெருக் கூட்டுதல் அங்கே 81ஆம் பிரிவில் உள்ளது.

எல்லைகள் நுட்பமானவை. எங்கள் ஒழுங்கைகளில் சைக்கிள் கரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு ‘பழைய இரும்பு, போத்தல், பேப்பர்’ என்று கூவி வருபவர், படலையடியில் தராசைத் தூக்கிப்பிடித்து நிறுத்துக் காசு கொடுத்து வாங்கி, அதே உருவில் மொத்த வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். வகைப்படுத்தலின்படி அவர் வணிகத்துறையைச் சேர்ந்தவர். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான வித்தியாசமே அவருடைய வெளியீடு. அந்தப் போத்தல்களை நிறம் பிரித்து, நொறுக்கி, கழுவி, ஆலைக்கு மூலப்பொருளாக்குபவரின் வேலையே 38ஆம் பிரிவுக்குள் வரும். அதை உருக்கிப் புதிய போத்தல் வார்ப்பது தயாரிப்புத் தொழிலுக்குப் போய்விடும்.

மாநகர சபையின் பங்கு வேறு விதமாகக் கணிக்கப்படுகிறது. உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டுக் குப்பையை ஏற்றிக் யாழ்ப்பாணத்துக் குப்பை கொட்டுமிடமான கல்லுண்டாய்க்குக் கொண்டுபோகும் சேவைக்கு, சோலைவரி (ஆதன வரி) செலுத்தும் வீட்டுக்காரர் பையொன்றுக்கு இவ்வளவென்று விலை கொடுப்பதில்லை. சந்தை விலையற்ற இத்தகைய சேவையை, நாடுகளின் பொருளாதாரக் கணக்குகளுக்கான சர்வதேச நியமமாகிய 2008ஆம் ஆண்டின் தேசியக் கணக்குகள் முறைமை, ஊதியம், இடைநிலை நுகர்வு (எரிபொருள் போல உற்பத்தியில் பயன்பட்டுத் தீர்ந்துபோகும் பொருள்களும் சேவைகளும்), வாகனத் தேய்மானம் போன்ற செலவுகளின் கூட்டுத்தொகையாக மதிப்பிடுகிறது. இலங்கையின் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், சேகரித்த குப்பையைச் சபையின் உடைமையாக்கி, அதை விற்கும் அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறது. அதிலிருந்து சேதனப் பசளை செய்து உரிய விலைக்கு விற்றால் அந்தப் பகுதி சந்தை வெளியீடாகும். ஆகவே, ஊதியத்தை வரவுசெலவுத் திட்டத்தின் செலவுப் பத்தியில் மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு, குப்பையைக் கையால் பிரிக்கும் தொழிலாளி அந்த ஊதியத்தினூடாக நகரத்துக்கு ஒரு பெறுமதியை ஆக்குகிறார் என்பதைச் சொல்லும் சொல் தேவை. இதில் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

இவற்றைக் கருதி, ‘கழிவுப்பணி விளைபெறுமதி’ என்பதை முன்வைக்கிறேன். ‘பணி’ மூன்று செயல்களையும் தழுவும். இலங்கையில் முகாமைத்துவம் என்றும் தமிழகத்தில் மேலாண்மை என்றும் வழங்குவதால் வரும் பிரிவையும் தவிர்க்கும். விளைநிலம், விளைபொருள் என்பன போல ‘விளைபெறுமதி’யும் வினைத்தொகை; ஆதலால் இடையில் ஒற்று மிகாது. ளகரத்தை லகரமாக ஒலித்தால் ‘விலை’ என்று மயங்கக்கூடும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. எனினும் எழுத்தில் அம்மயக்கம் இல்லை. அறிக்கைகளுக்கும் பாடநூல்களுக்குமே இச்சொல் முதலில் தேவைப்படுகிறது.

விளைபெறுமதியிலிருந்து இடைநிலை நுகர்வைக் கழித்தபின் எஞ்சுவதற்கு, இங்கு வழக்கிலுள்ள ‘கூட்டிய பெறுமதி’யையே வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. சந்தைசார், சந்தைசாரா என்ற அடைகளைச் சேர்ப்பது பற்றி, புள்ளிவிபரத்துறையில் பணியாற்றும் அன்பர்கள் தம் கருத்தை எழுதுமாறு வேண்டுகிறேன்.