சீனிக் குளிசை மாறிய மாதம்

ஒட்டுசுட்டான் மகள்:

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து 12 வருடமாகிறது. கிளினிக் நாளில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் மதியத்துக்குள் மருந்தோடு வீடு திரும்ப முடியும். போன மாரியில் ஒரு நாள் கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, “கறள் பிடித்த தகரத்தை நக்கியது போல் இருக்கிறது” என்றார். கிணற்றில்தான் பிழை என்று வாளியை மாற்றினோம், பானையை மாற்றினோம். நான்காம் நாள் குமட்டல். ஐந்தாம் நாள் அயல்வீட்டுக் கருவியில் சீனி பார்த்தால் 286.

மருந்து உறையை அயல்வீட்டுப் பிள்ளையிடம் காட்டினேன். சீனிக்கான மெற்போமின் இருக்க வேண்டிய உறையில் மெற்றோனிடசோல். அது கிருமிகளுக்கு எதிரான மருந்து. வாயில் உலோகச் சுவை வருவது அதன் பக்கவிளைவு. கிணறு பாவம். மருந்துத் துண்டில் ‘மெற்’ வரைதான் தெளிவு, அதற்குப் பிறகு மண்புழு ஊர்ந்த தடம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். மருந்து தந்த பிள்ளையும் அன்று காலையிலிருந்து தனியாக நின்றவள்.

ஓய்வுபெற்ற தாதி, வவுனியா:

மகளே, அந்த இரண்டு பெயரும் உலகம் முழுவதும் ஆட்களைக் குழப்பியவை. அகரவரிசையில் அடுக்கினால் தட்டிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். பெயர்கள் வேறுபடும் இடத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கம் அதற்காகவே வந்தது. கையால் எழுதும் துண்டில் அதற்கு ஏது இடம்?

என் பிழையையும் சொல்கிறேன். டெங்குக் காலம். கட்டிலில் இருவர், கட்டில்களுக்கு இடையில் பாயில் இன்னொருவர். கட்டில் இலக்கத்துக்குப் பொருளே இல்லாமல் போய்விட்டது. இரவுக் கடமை முடிகிற நேரம். இன்சுலின் ஊசியோடு போய், “நீங்கள்தானே சிவபாக்கியம்?” என்றேன். “ஓம்” என்றார். சட்டையைச் சற்று விலக்கி ஊசியை வைக்கப் போகையில், “எனக்குச் சீனி இல்லையே, பிள்ளை” என்றார். விடுதியில் அன்று இரண்டு சிவபாக்கியம். நான் தேடியவர் மின்விசிறிக்குக் கீழே இடம் மாறிப் படுத்திருந்தார்.

‘நீங்கள்தானே’ என்று கேட்டால், காய்ச்சலில் கிடப்பவர் எதற்கும் ஓம் போடுவார். அன்றிலிருந்து “உங்கள் பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன?” என்றுதான் கேட்டேன். புதிய பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். சிலர் என்னைப் பொலிஸ் என்று கேலி செய்தார்கள்.

சுகாதார சேவையில் பத்து நோயாளருக்கு ஒருவர் ஏதோ ஒரு தீங்குக்கு ஆளாகிறார், அதில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் கண்டவரை, பிழை அதிகம் நுழைவது கை மாறும் இடத்தில்: கடமை மாறும்போது, விடுதி மாறும்போது, ஒரு ஆஸ்பத்திரி இன்னொன்றுக்கு அனுப்பும்போது. களைத்தவர் அவசரமாகச் சொல்வதை, களைக்கப்போகிறவர் அரைகுறையாகக் கேட்கிறார்.

துணுக்காய் விவசாயி:

எங்களுக்கு மொழியில் கை மாறியது. அப்பாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. காலில் மண்வெட்டி பட்டு விடுதியில் சேர்த்தபோது, “அந்த ஊசி அவருக்குச் சரிவராது” என்று அம்மா சொன்னார். டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். இடையில் நின்ற ஊழியர், ஐயாவுக்கு ஊசி பிடிக்காதாம் என்று மொழிபெயர்த்துவிட்டார். டொக்டர் சிரித்துக்கொண்டே குளிசையாக எழுதினார்: கோ-அமொக்சிகிளாவ். பெயரில் பென்சிலின் இல்லை, உள்ளே இருப்பது அதே குடும்பம். ஒரு மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கிவிட்டது. நேரத்தோடு கண்டதால் தப்பினார். இப்போது கிளினிக் கொப்பியின் மட்டையில் சிவப்பு மையால் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போவது அப்பாவின் பழக்கம், அது வேறு கதை.

ஒட்டுசுட்டான் மகள்:

தாதி அக்கா, நீங்கள் சொன்னதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்த மாதம் உறை கைக்கு வந்ததும் யன்னலை விட்டு நகரவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, “இது சீனிக்கு, இது பிரஷருக்கு. இது எதற்குப் பிள்ளை?” என்று கேட்டுக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மூன்றாவது உறை கொலஸ்ட்ரோலுக்கு. இரண்டு வருடமாக விழுங்கும் அந்தக் குளிசை எதற்கென்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.