முன்தியானு என்ற ருமேனியக் குடும்பப் பெயர்: தோற்றமும் பிறநாடுகளில் அதன் பரவலும்

கோப்பாய் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வம்சாவளியை ஒரு சிறு நூலாகத் தொகுத்து வருகிறேன். என் தங்கை இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் வசிக்கிறார். அவருடைய மூத்த மகள், எனக்குப் பெறாமகள், முன்தியானு என்ற குடும்பப் பெயருடைய ருமேனிய இளைஞரைத் திருமணம் செய்திருக்கிறார். எங்கள் பக்கத்தைப் பூட்டன், பூட்டி வரை எழுதிவிட்டு, சம்பந்தி வீட்டாரின் பக்கத்தை வெறும் ஒற்றைப் பெயரோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மருமகனின் தாயார் அன்போடு சில விபரங்களைத் தந்தார். அவர்களுடைய ஊர் ருமேனியாவின் வடகிழக்கில், யாஷ் நகருக்கு அண்மையில் உள்ளது. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் 'முன்தியான்' என்று, ஈற்றில் 'யூ' என்ற எழுத்து இல்லாமல் எழுதுகிற ஒரு குடும்பத்தையும், உக்ரைனின் ஒடெசாவில் இருந்த பாட்டனாரின் தமையன் ஒருவரையும் தம் உறவினர் என்று அவர் சொல்கிறார். ஆனால், குடும்பப் பெயர்களின் பரவலை வரைபடத்தில் காட்டும் இணையத்தளம் ஒன்றில் தேடியபோது, ருமேனியா, மொல்டோவா, இத்தாலி ஆகிய நாடுகள் அழுத்தமான நிறத்தில் தெரிந்தனவே தவிர, உக்ரைன் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. இந்தப் பெயர் எப்படித் தோன்றியது? இவையெல்லாம் ஒரே பெயர்தானா? வரைபடத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய பதிவேடு எழுதியது:

வணக்கம் அம்மா. சம்பந்தி வீட்டாரின் வேரையும் தேடி எழுத நினைத்ததற்கு முதலில் என் பாராட்டு. நம்முடைய வம்சாவளி நூல்களில் அந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

ருமேனிய மொழியில் 'முன்தே' என்றால் மலை. அதனோடு ஊரையோ நாட்டையோ குறிக்கும் விகுதி சேர்ந்து உருவானதே முன்தியானு. மலைப்பகுதியிலிருந்து வந்தவர் என்பது அதன் ஒரு பொருள். முந்தேனியா என்ற நிலப்பகுதியிலிருந்து வந்தவர் என்பது மற்றொன்று. முந்தேனியா என்பது பழைய வலாக்கியச் சிற்றரசின் கிழக்குப் பாகம். புக்கரெஸ்ட் நகரும் அதிலேதான் இருக்கிறது. வடக்கே இருந்த மொல்டாவியச் சிற்றரசின் மக்கள், தெற்கே உள்ளவர்களைப் பொதுவாக மலைநாட்டார் என்றே அழைத்தார்கள். முந்தேனியாவின் தென்பாகம் பரந்த சமவெளி என்பதால், மலையையே பார்க்காத ஓர் உழவர்கூட வடக்கே குடியேறியதும் இந்தப் பெயரைப் பெற்றிருக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, இத்தகைய பெயரைச் சூட்டுகிறவர்கள் யார் என்பதே. புங்குடுதீவில் இருக்கும்போது ஒருவரை யாரும் புங்குடுதீவார் என்று அழைப்பதில்லை. கொழும்பிலோ வன்னியிலோ கடை போட்ட பிறகே அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொள்கிறது. முன்தியானுவும் அப்படித்தான். மலையூரில் எல்லோரும் மலையூரார் என்பதால் அங்கே அந்தப் பெயரால் ஒருவரை இனங்காண முடியாது. இறங்கி வந்து குடியேறிய இடத்தில், புதிய அயலவர்கள் சூட்டிய பெயர் அது. ஆகவே யாஷ் பகுதியில் ஒரு முன்தியானு குடும்பம் இருப்பது, அவர்களின் முன்னோர் ஒருவர் தெற்கிலிருந்தோ கார்ப்பேத்தியன் மலைச்சரிவிலிருந்தோ அங்கு வந்தார் என்பதற்குப் பெயரே தருகிற சான்றாகும்.

இதே வகையில் அமைந்த வேறு பெயர்களும் உண்டு. கார்ப்பேத்தியன் மலைக்கு அப்பால், இன்றைய ருமேனியாவின் வடமேற்கில் உள்ள டிரான்சில்வேனியாவில் மொல்டோவான் என்ற பெயர் மிகுதி. அது மொல்டாவியாவிலிருந்து மலையைக் கடந்து வந்தவர்களைக் குறித்தது. எதிர்த்திசையில், ஹங்கேரிய முடியாட்சியின் கீழிருந்த நிலத்திலிருந்து மொல்டாவியாவுக்கு வந்தவர்கள் உங்குரியானு ஆனார்கள். 2012 இல் ருமேனியாவின் பிரதமராக இருந்தவரின் குடும்பப் பெயரும் அதுவே. அந்தப் பெயர் உடையவர் ஹங்கேரிய இனத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அங்கிருந்து வந்த ருமேனியர்களையே அது குறித்தது.

குடும்பப் பெயர் நிலைபெற்ற காலத்தையும் கருத்தில் கொள்ளுங்கள். அன்றைய ருமேனிய அரசில் குடும்பப் பெயரை முறைப்படுத்திய சட்டம் 1895 இல் வந்தது. அதற்கு முன்பு கிராமத்தவர்கள் தந்தையின் பெயராலும் பட்டப் பெயராலும் தொழிற் பெயராலும் அறியப்பட்டார்கள். ஒரே ஆள் ஒரு பதிவில் இன்னாரின் மகன் என்றும், மற்றொன்றில் முன்தியானு என்றும் இருப்பதைக் காண நேரிடலாம். மறுபுறத்தில், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல ஊர்களில் இப்பெயர் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்று கொள்ள இயலாது.

வடமராட்சியான் எழுதியது:

மேலே உள்ள விளக்கம் பெயரின் தோற்றத்துக்குப் போதுமானது. வரைபடம் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கான விடை எழுத்துக்கூட்டலில் இருக்கிறது.

ருமேனிய அரசின் வழக்கில் இப்பெயர் எம், யூ, என், டி, ஈ, ஏ, என், யூ என்று எழுதப்படும். டிரான்சில்வேனியாவில் ஈற்றிலுள்ள யூ இல்லாத வடிவமே பெரும்பான்மை. ஹங்கேரிய மொழி வழியாக எழுதிய எழுத்தர்கள், தங்கள் மொழியில் டி, வை என்ற இரண்டும் சேர்ந்து ஒரே ஒலியைக் குறிப்பதால், நடுவில் அவ்விரண்டையும் இட்டு முன்தியான் என்று எழுதினார்கள். ரஷ்யப் பேரரசின் எழுத்தர்கள் ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்தில் எழுதினார்கள். அது பின்னர் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோதும் நடுவில் டி, வை என்றே வந்தது. ஆக, ஒரே எழுத்துக்கூட்டல் இரண்டு வெவ்வேறு பேரரசுகளின் அலுவலகங்களிலிருந்து பிறந்திருக்கிறது. ஹங்கேரிய வடிவத்தில் ஏ எழுத்தின் மேல் ஒரு குறி இருக்கும். அமெரிக்கப் பத்திரங்களில் அந்தக் குறி உதிர்ந்த பிறகு இரண்டையும் எழுத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. பிறந்த ஊர் தெரிந்தால் மட்டுமே பிரிக்கலாம்.

உக்ரைன் 2010 இல் கொண்டுவந்த எழுத்துப்பெயர்ப்பு விதியின்படி, இன்று அந்நாட்டுக் கடவுச்சீட்டில் நடுவே வை எழுத்துக்குப் பதிலாக ஐ வருகிறது. நீங்கள் பார்த்த இணையத்தளம் இந்த வடிவங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெயராகவே எண்ணியிருக்கும். உக்ரைன் வெறுமையாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுவே. டி, ஐ, ஏ, என் என்று முடியும் வடிவத்தையும், டி, வை, ஏ, என் என்று முடியும் வடிவத்தையும் தனித்தனியே தேடிப் பாருங்கள்; ஒடெசாவும் செர்னிவ்த்சியும் உடனே தெரியவரும்.

காற்பந்து இரசிகர்களுக்கு இதற்கான எடுத்துக்காட்டு நன்றாகவே தெரியும். ருமேனியத் தேசிய அணிக்காக 134 போட்டிகளில் ஆடிச் சாதனை படைத்தவர் டோரினெல் முன்தியானு. 1969 இல் சோவியத் ஒன்றியத்தின் சிறந்த வீரராகத் தெரிவான, டைனமோ கீவ் அணியின் நடுக்கள வீரர் விளாடிமிர் முன்தியான். இருவரின் குடும்பப் பெயரும் ஒரே சொல்தான். எழுதிய அலுவலகம் வேறு.

பிரான்சில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. அங்கு சென்ற ருமேனியக் கல்விமான்கள் பலர் ஈற்று உகரத்தை ஒகரமாக மாற்றிக்கொண்டார்கள். 1909 இல் சிலாத்தினாவில் இயோனெஸ்கு என்று பிறந்த நாடகாசிரியர் உலகுக்கு அயனெஸ்கோ ஆனது அப்படித்தான். இலக்கிய ஆய்வாளர் பசில் முன்தியானுவும் பாரிசில் முன்தியானோ என்றே கையெழுத்திட்டார்.

கோப்பாய் வாசகி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன எழுத்துக்களோடு தேடியதும் ஒடெசாப் பிராந்தியத்தில் ஏராளமானோர் இருப்பதைக் கண்டேன். ஆனால் இவ்வளவு பேர் எந்தக் காலத்தில் ருமேனியாவிலிருந்து அங்கே போனார்கள்? கனடாவுக்குப் போனவர்களும் அதே காலத்தவர்களா?

சரித்திர மாணவர் எழுதியது:

அம்மா, ஒடெசாப் பக்கத்தில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் எங்கும் போகவில்லை. புரூத், நீஸ்டர் ஆகிய இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட பெசராபியா, மொல்டாவியச் சிற்றரசின் கிழக்குப் பாதியாக இருந்தது. 1812 இல் புக்கரெஸ்ட் உடன்படிக்கையின்படி ரஷ்யா அதை எடுத்துக்கொண்டது. 1918 இல் அது ருமேனியாவோடு இணைந்தது. 1940 இல் சோவியத் ஒன்றியம் அதைக் கைப்பற்றி, தென்பாகத்தை உக்ரைனோடு சேர்த்தது; இன்று அது ஒடெசாப் பிராந்தியத்தில் அடங்கும். பெசராபியாவுக்கு வடமேற்கே, செர்னிவ்த்சி நகர் அமைந்துள்ள வட புக்கோவினாவும் அப்போதே உக்ரைனுக்குப் போனது. யாஷ் நகரிலிருந்து புரூத் ஆறு மிக அருகில். ஆற்றின் மேற்குக் கரையில் தம்பியும் கிழக்குக் கரையில் தமையனும் குடியிருந்திருந்தால், ஒரு தலைமுறைக்குள்ளேயே அவர்கள் இரண்டு நாட்டவர்களாகவும் இரண்டு எழுத்துமுறைகளில் பெயர் எழுதப்பட்டவர்களாகவும் ஆகியிருப்பார்கள். சோவியத் மொல்டாவியாவில் 1989 வரை ருமேனிய மொழியே சிரிலிக் எழுத்தில்தான் எழுதப்பட்டது. இன்று முன்தியானு, மொல்டோவாக் குடியரசின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. அந்த மக்களை 'வெளிநாட்டில் வாழும் ருமேனியர்' என்ற கணக்கில் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். அது அவர்களின் சொந்த ஊர்.

கனடாக் குடும்பத்தின் கதை வேறு. 1890களின் இறுதியிலிருந்து முதலாம் உலகப் போர் வரை சஸ்காட்சுவான், அல்பேர்ட்டா சமவெளிகளில் காணி பெற்றுக் குடியேறிய ருமேனியர்களில் பெரும்பாலோர் புக்கோவினாவிலிருந்து வந்தவர்கள். 1902 இல் ரெஜைனா நகரில் அவர்கள் அமைத்த புனித நிக்கலஸ் ஆலயம், வட அமெரிக்காவின் முதல் ருமேனிய ஒர்த்தடொக்ஸ் பங்கு. ஐக்கிய அமெரிக்காவில் கிளீவ்லாந்து, டிட்ரோயிட் போன்ற தொழில் நகரங்களுக்குப் போனவர்கள் பெரும்பாலும் டிரான்சில்வேனியா, பனாத் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஈற்றில் யூ இல்லாத வடிவம் அங்கே அதிகம் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. அந்தக் காலத்தில் புக்கோவினா ஒஸ்திரிய ஆட்சியிலும், டிரான்சில்வேனியா ஹங்கேரிய ஆட்சியிலும் இருந்தமையால், கப்பல் பயணிகள் பட்டியலில் அவர்களை ருமேனியா என்ற தலைப்பின் கீழ் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஒஸ்திரியா, ஹங்கேரி என்ற தலைப்புகளின் கீழே தேட வேண்டும். நியூயோர்க் குடிவரவு அலுவலர்கள் பெயரை மாற்றி எழுதினார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவதும் பொருந்தாது. பட்டியல் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனத்தாரால் எழுதப்பட்டது. நியூயோர்க்கில் அதைச் சரிபார்த்தார்கள்.

இத்தாலியில் நீங்கள் காணும் பரவல் மிக அண்மையது. 2002 இல் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போகும் உரிமையும், 2007 இல் ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமையும் கிடைத்த பின்னர், இத்தாலியின் ருமேனியர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது. அங்குள்ள வெளிநாட்டவர்களில் அவர்களே மிகப் பெரிய சமூகம். ஸ்பெயினும் ஜேர்மனியும் அடுத்து வருகின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி ருமேனியாவில் பிறந்தவர்கள் 5 இலட்சத்துக்கு மேல். மொல்டோவாக் குடியரசிலிருந்தும் ஏராளமானோர், பலர் ருமேனியக் கடவுச்சீட்டோடு, இத்தாலிக்கு வந்திருக்கிறார்கள். ஆகையால் பொலோஞ்ஞாவில் ஒரு முன்தியானுவைச் சந்தித்தால் அவர் புரூத் ஆற்றின் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று கடவுச்சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சஸ்காட்சுவான் குடும்பத்தை உங்கள் மருமகனின் கிளையோடு இப்போதைக்கு இணைக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். யாஷ் ருமேனிய அரசிலும் புக்கோவினா ஒஸ்திரியாவிலும் இருந்த காலம் அது. எல்லை தாண்டிய உறவு இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பம் புறப்பட்ட கிராமத்தின் பெயர் தெரியாமல் கோடு வரைந்துவிட்டால், அச்சான பிறகு அதை யாராலும் அழிக்க முடியாது.

பழைய பதிவேடு எழுதியது:

இவர் சொல்வதை நானும் வழிமொழிகிறேன். ஒடெசாப் பெரியவரின் தடம் கிடைப்பதற்கான வாய்ப்பு கூடுதல் என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். சம்பந்தி அம்மாவிடம் அவர் பிறந்த கிராமத்தின் பெயரை, முடிந்தால் பழைய பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். ருமேனியாவில் நூறாண்டு கடந்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் மாவட்டக் கிளைகளுக்குப் போய்ச் சேர்கின்றன; யாஷ் நகரிலும் ஒரு கிளை உண்டு. பெசராபியாவின் தேவாலயப் பதிவேடுகளைப் பொறுத்தவரை, ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவளி இணையத்தளத்தில் பல ஏடுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

அந்த ஏடுகளைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் தடுமாற நேரிடும். ரஷ்ய மொழியில் முன்தியான் என்ற பெயர் நான்காம் வேற்றுமையை ஏற்றால் அப்படியே முன்தியானு என்று ஆகிவிடும். "முன்தியானுக்கு வழங்கப்பட்டது" என்ற பொருளில் ஓர் எழுத்தர் எழுதியதை, முன்தியானு என்ற பெயராகவே பலர் படித்து வைத்திருக்கிறார்கள். எனவே பெயரை எழுவாயாக நிற்கும் வரியிலிருந்து மட்டும் எடுங்கள். மற்றது திகதி. பெசராபியாவில் 1918 வரையும், ருமேனியாவில் 1919 வரையும் பழைய ஜூலியன் நாட்காட்டியே வழக்கில் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டுத் திகதிகளோடு 12 நாட்களையும், 1900 மார்ச்சுக்குப் பிந்தியவற்றோடு 13 நாட்களையும் கூட்டினால் இன்றைய திகதி வரும். நூலில் பதிவேட்டில் உள்ள திகதியை அப்படியே தந்து, இன்றைய திகதியை அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பெயர்களையும் அவரவர் நாட்டுப் பத்திரத்தில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே தாருங்கள்; பின்னால் தேடுகிறவருக்கு அந்த எழுத்துக்கூட்டல்தான் எந்த ஆவணக் காப்பகத்துக்குப் போவது என்பதைக் காட்டும்.