மறு: எதிர்மறைப் பின்னூட்டமா, மீள்தணிப்பா?

அன்பர்களுக்கு வணக்கம்.

செவிலியர் மாணவிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாளமில்லாச் சுரப்பிகள் இயலில் இந்த ஒரு சொல்தான் பாக்கி: விளைவு திரும்பிவந்து தன் மூலத்தையே தணிப்பதற்கு (negative feedback) பழைய 'எதிர்மறைப் பின்னூட்டம்' போதுமா, நான் முன்வைத்த 'மீள்தணிப்பு' வேண்டுமா?

> 'எதிர்மறைப் பின்னூட்டம்' பாடநூலிலேயே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, வகுப்பில் எடுபடவில்லை. எதிர்மறை என்றதும் ஏதோ கெடுதல் என்று நினைக்கிறார்கள். ஊட்டம் என்றால் சத்து. தைராய்டு ஹார்மோன் இரத்தத்தில் கூடினால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் தன் ஹார்மோனான டி.எஸ்.எச்.சைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். இது பதியாததால், சுமார் 0.4 முதல் 4 வரை இருக்கவேண்டிய டி.எஸ்.எச். 40 என்று கண்டதும் 'தைராய்டு அதிகம்' என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே தைராய்டு சோர்ந்து கிடக்கிறது. பிட்யூட்டரி அதைத் தார்க்குச்சியால் குத்திக்கொண்டிருக்கிறது.

> 'மட்டுறுத்தல்' (moderation) போதாதா?

அது மடற்குழு நிர்வாகத்துக்குப் போய்விட்டது. தவிர, விளைவு திரும்பிவந்து மூலத்தைத் தணிப்பது அதில் இல்லை.

> திருப்பாவையில் கன்றை நினைத்ததுமே எருமைக்குப் பால் சோர்கிறதே, அதுவும் பின்னூட்டம்தானே?

அருமையான இடம். ஆனால் அது அனிச்சைச் செயல்: நினைவு மூளையைத் தூண்ட, ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் வந்து பாலை இறக்குகிறது. விளைவு திரும்பிவந்து மூலத்தைக் கூட்டும் சுழற்சியைப் பிரசவத்தில்தான் பார்க்கலாம். குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த ஆக்சிடோசின் கூடும். கருப்பை சுருங்க அழுத்தம் இன்னும் கூடும், பிறக்கும்வரை. இதை 'மீள்தூண்டல்' என்றால் மீள்தணிப்பும் இதுவும் இணையாக நிற்கும்.

> ஹார்மோனை விட்டுவைத்துவிட்டு இதற்கு மட்டும் தமிழா? 'இயக்குநீர்' என்று எழுதுங்கள்.

இயக்குநீர் நல்ல சொல்தான். 1905இல் ஸ்டார்லிங் ஹார்மோன் என்று பெயரிட்டதும் 'தூண்டு' என்னும் பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்தே. ஆனால் வார்டில் காதில் விழுவது ஹார்மோன். பொருளின் பெயர் எங்கிருந்தும் வரட்டும். அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லும் சொல் தமிழாக இருந்தால்தான் மாணவிக்குப் பிடிபடும்.

இதுவரை மீள்தணிப்புக்கே ஆதரவு அதிகம். தேர்வில் பழைய சொல்தான் வரும் என்ற மறுப்பும் நியாயமே. ஆகவே சொல் முதன்முதலில் வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே அச்சிடுகிறேன்.

புணர்ச்சி கேட்டவருக்கு: மீள்தணிப்பு வினைத்தொகை, ஒற்று மிகாது. இன்னும் நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.