டியான் சாண்டர்ஸ் கொலராடோ அணியை உண்மையில் சீரமைத்தாரா?

முத்தியால்பேட்டை வாசகர்: 2022இல் ஒரே வெற்றியுடன் 11 தோல்விகளைக் கண்ட கொலராடோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியை (நம் ஊர்க் கால்பந்து அன்று), 2023இல் நான்கு, 2024இல் ஒன்பது வெற்றிகளுக்கு உயர்த்தியவரைச் சிறந்த பயிற்சியாளர் எனலாம் அல்லவா?

கடலூர் முதுநகர் வாசகர்: ஐயா, பழைய வீரர்களைப் பெருமளவில் அனுப்பிவிட்டு, பிற கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்களைக் கொண்டே அவர் அணியை நிரப்பினார், சொந்தமாக நாற்று விடாமல், வாங்கி நட்ட வயல் அது. மகன் ஷெடூரும், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற டிராவிஸ் ஹண்டரும் வெளியேறியதும், 2025இல் மூன்றே வெற்றிகள் கிடைத்தன.

லாஸ்பேட்டை வாசகர்: பந்து எறிபவரைக் காக்கும் முன்வரிசைத் தடுப்பே அடிப்படைக் குறை என்பது என் கருத்து. 2023இல் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றுவிட்டு, மீதி ஒன்பதில் எட்டில் தோற்ற அந்த அணியில், பந்து எறிபவரான ஷெடூர் 52 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார்.

முத்தியால்பேட்டை வாசகர்: அந்த 52 என் வாதத்தைச் சற்று அசைக்கிறது, ஐயா.